நுரை நிற்காத இடம்

அடுப்பக்காவுக்குக் கால் கனம் என்று முதலில் சொன்னது அக்கம்பக்கத்தார் இல்லை, கட்டிய புருஷன்தான். அதை வீட்டுக்குள் சொல்லியிருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பாள். டிரைவிங் டெஸ்ட் நடக்கிற மைதானத்தில், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, முப்பது பேர் காதில் விழும்படி சொன்னார்.

"சார், அவளுக்குக் கால் கொஞ்சம் கனம் சார். மனசுல வச்சுக்காம இன்னொரு தடவை விடுங்க."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்துக்கொண்டேதான் தாளில் பெருக்கல் குறி போட்டார். அது இரண்டாவது பெருக்கல் குறி. முதல் தடவை, வண்டியைப் பின்னால் எடுத்துக் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தச் சொன்னபோது கம்பத்தைத் தட்டினாள். இரண்டாவது தடவை கம்பம் பிழைத்தது, ஆனால் வெள்ளைக் கோட்டில் நிற்க வேண்டிய வண்டி கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. இரண்டு தடவையும் அவள் சொன்னது ஒன்றுதான்.

"நான் ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை சார். கிளட்சை விட்டதும் அதுவா ஓடுது."

இதை யார் நம்புவார்கள்? எதிர்ச்சாட்சி சொல்கிற புருஷன் முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனிதர். தெருவில் அவருக்குப் பேரே டிரைவர்தான். வண்டிச் சமாச்சாரத்தில் அவர் ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு டிரைவருக்குக் கண் பழுதானது. நேராகப் பார்த்தால் நடுவில் புகை அப்பிக்கொள்ளும், ஓரத்தில் மட்டும் ஏதோ நிழலாடும். எதிரே நிற்பது யாரென்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். லைசென்ஸை அவரே கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்து, கூடத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர்தான். அன்றிலிருந்து வாசலில் நிற்கிற வெள்ளைக் காரும் உட்கார்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதற்குக் கவனிப்பு உண்டு. டிரைவர் பானெட்டைத் திறந்து, டீசலில் நனைத்த துணியால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு குழாயையும் தடவித் தடவித் துடைப்பார். லாரியில் பழகிய பழக்கம் அது. கறுப்பு ரப்பரெல்லாம் புதுச் செருப்பு மாதிரி பளபளக்கும். பிறகு பாட்டரி சாகாமல் இருக்க ஐந்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு அணைத்துவிடுவார். அடுப்பக்கா இதை நின்று பார்த்ததே இல்லை. ஊரெல்லாம் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில்தான் அவளுக்கு வேலை தலைக்கு மேல் இருக்கும்.

அவள் காஸ் அடுப்பு ரிப்பேர் செய்கிறவள். தோளில் ஒரு பை, அதற்குள் ஸ்பேனர், அடைத்துக்கொண்ட ஜெட் துளையைக் குத்தும் ஊசி, ஒரு டப்பா சோப்பு நுரை, அதில் தோய்க்க ஒரு பிரஷ். காஸ் குழாயில் நுரையைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழி உப்பும். இருபது வருஷமாக அந்தக் குமிழிதான் அவளுக்குச் சோறு போடுகிறது.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் அவள் நன்றாகத்தான் ஓட்டினாள். அதைச் சொன்னால் டிரைவர், "அது கிழட்டு வண்டி, யானையே ஏறி மிதிச்சாலும் ஓடாது" என்பார். அந்த வண்டியிலேயே டெஸ்ட் கொடுத்திருக்கலாம், அவள்தான் மாட்டேன் என்றுவிட்டாள். அவளுக்கு வேண்டியது லைசென்ஸ் மட்டும் இல்லை, இந்த வண்டி. புருஷனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஜன்னலை இறக்கிவிட்டு, பெரிய ரோட்டில் அரை மணி நேரம் போக வேண்டும். கண் தெரியாவிட்டால் என்ன, ரோட்டுக் காற்று முகத்தில் அடித்தால் இந்த மனிதர் பழையபடி வாய் திறப்பார் என்று நம்பினாள். அதை யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை சாயங்காலம் தூறலோடு தூறலாகக் கொழுந்தன் வந்தான். பெயின்ட் கடைக்காரன். அவனிடம் லைசென்ஸ் இருக்கிறது, வண்டி இல்லை. டெஸ்டுக்குக் காரை மைதானம்வரை ஓட்டிக்கொண்டு போய் விடுகிறவனும் அவன்தான். தலையைத் துவட்டிக்கொண்டே விஷயத்துக்கு வந்தான்.

"அண்ணே, வியாழக்கிழமை மூணாவது டெஸ்ட். அதுலயும் போச்சுன்னா அண்ணி மறுபடி முதல்ல இருந்து வரணும். அதுவரைக்கும் வண்டி வாசல்ல நின்னு துருப்பிடிக்கணுமா?"

"நீ ஓட்டும்போது எப்படிடா இருக்கு?"

"எனக்கென்ன, ஜம்முனு பறக்குது. நாலாவது கியரைப் போட்டா இறக்கவே மனசு வரமாட்டேங்குது."

உள்ளே முட்டை பொரித்துக்கொண்டிருந்த அடுப்பக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"பறக்கிறவருக்கு என்ன தெரியும் தம்பி? ஊர்ந்து பாருங்க, அப்பத் தெரியும். மெதுவாப் போன்னா அது போகமாட்டேங்குது."

"அதான் மெக்கானிக் பார்த்துட்டாரே அண்ணி."

பார்த்தார்தான். எஞ்சின் மூச்சு இழுக்கிற தொண்டையைக் கழுவினார், ஏதோ ஒரு சென்சரை மாற்றினார். "நின்ன வண்டி கொஞ்சம் முரண்டு பிடிக்கும்க்கா, ஓட்ட ஓட்டச் சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஓட்டுவதற்குத்தானே லைசென்ஸ் கேட்கிறார்கள்? லைசென்ஸ் வாங்குவதற்குத்தானே வண்டி சரியாக வேண்டும்? அடுப்பக்கா இதைக் கேட்டபோது மெக்கானிக் அடுத்த வண்டிக்கடியில் புகுந்துகொண்டார்.

டிரைவர் தட்டில் வைத்த முட்டையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்.

"வியாழக்கிழமையும் போச்சுன்னா, வெள்ளிக்கிழமை நீ வந்து வண்டியை எடுத்துட்டுப் போடா. அது ஓடுறதுக்குப் பொறந்தது. என்னை மாதிரி உட்காரக்கூடாது."

வண்டி போகும் என்பதைவிட அந்தக் கடைசிப் பேச்சுதான் அடுப்பக்காவுக்கு நெஞ்சில் குத்தியது. அன்று அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானமே வேலையை முடித்துக்கொண்டு வந்தாள். மழை விட்டிருந்தது, வாசலில் தண்ணீர் தேங்கியிருந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்தாள், இறங்கினாள், கதவைச் சாத்தினாள்.

"ஏங்க, வாசலுக்கு வாங்க."

"எதுக்கு?"

"வாங்கன்னா வாங்க. என் பக்கத்துல நில்லுங்க."

எஞ்சின் உறுமியது. டிரைவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ஆறின எஞ்சின். அப்படித்தான் கத்தும். சூடானா இறங்கிடும்."

"எவ்வளவு நேரத்துல?"

"பத்து நிமிஷம்."

"சரி, நிப்போம்."

நின்றார்கள். நின்றபடியே ஆளுக்கொரு டம்ளர் தேநீர் குடித்தார்கள். பத்து நிமிஷம் இருபது ஆனது. முன்னாலிருந்த விசிறி சுற்றத் தொடங்கி, சுற்றி முடித்து நின்றது. எஞ்சின் சூடாகிவிட்டது என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். சத்தம் மட்டும் துளியும் இறங்கவில்லை. அடுப்பக்கா ஜன்னல் வழியாக, எஞ்சின் சுற்றுகிற வேகத்தைக் காட்டும் மீட்டரைப் பார்த்தாள். எண்ணூறில் கிடக்க வேண்டிய முள் ஆயிரத்து எழுநூறில் நின்றது.

"இப்ப நான் எங்க இருக்கேன்?"

"என் பக்கத்துல."

"என் கால்?"

"தரையில."

"அப்ப உள்ள உட்கார்ந்து யாரு மிதிக்கிறா?"

டிரைவர் மறுபடி காதைக் கொடுத்தார். ஞாயிறுதோறும் அவர் கேட்டு அணைத்த அதே சத்தம். ஆறின எஞ்சினின் சத்தம் என்றே எடுத்துக்கொண்டிருந்தார். ஆறாவது நிமிஷம் அது என்ன ஆகிறது என்று இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை. ஆனாலும் முப்பது வருஷ அனுபவம் அவ்வளவு லேசில் இறங்கி வருமா?

"கேபிள் சிக்கியிருக்கும். நீ மிதிச்ச மிதியில."

அடுப்பக்கா பானெட்டைத் தூக்கி, அவர் கையைப் பிடித்து ஆக்சிலேட்டர் கேபிளின்மேல் வைத்தாள். தொட்டதும் அது தளர்வாக ஆடியது. அவரே தலையை ஆட்டினார்.

"சிக்கலை. அப்ப எங்கேயோ காத்துக் கசிவு."

"காத்துக் கசிவா? அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? இருபது வருஷமா நான் வேற என்னத்தைப் பார்க்குறேன்?"

ஒரே ஓட்டமாகப் போய் நுரை டப்பாவை எடுத்து வந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, "பெல்ட்டுப் பக்கம் கையை விடாதே, விசிறி எப்ப வேணா சுத்தும்" என்று அவர் பின்னாலிருந்து கத்திக்கொண்டிருக்க, ஒவ்வொரு இணைப்பாகத் தடவினாள். எங்கும் குமிழி இல்லை. பின்பக்கம் எஞ்சினை ஒட்டி வளைந்து போகிற, விரல் தடிமன் குழாய் ஒன்றில் மட்டும் நுரை தங்கவே இல்லை. சூட்டில் காய்கிறது என்று நினைத்து மறுபடி அப்பினாள். டிரைவர் சட்டென்று முகத்தைத் தூக்கினார்.

"இப்ப என்ன பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலையே. ஏன்?"

"சத்தம் ஒரு கணம் தணிஞ்ச மாதிரி இருந்துச்சு. சரி, நீ பாரு."

கடைசிக் குழாய்வரை பார்த்துவிட்டு டப்பாவை மூடினாள். "எங்கேயும் கசியலைங்க" என்றாள். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட ஏமாற்றாத நுரை. அது சொன்னால் அவளுக்கு வேதவாக்கு.

புதன்கிழமை காலை ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் கூப்பிட்டிருந்தார்கள். இருநூறு பேருக்குச் சோறு வேகிற பெரிய பர்னர் ஒன்று நீல நாக்கைத் துப்பிக்கொண்டு ஊளையிட்டது. சமையற்காரர் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"ரெண்டு நாளா இந்தச் சத்தம் அடுப்பக்கா. காஸ் ஒழுகுதோ என்னமோ."

"ஒழுகினா நாறும். இது கத்துது. காத்து அதிகமாப் போனாத்தான் அடுப்பு கத்தும். அது இருக்கட்டும், இந்த ரப்பர் குழாய்ல எண்ணெய்க் கையைத் துடைக்கிறது யாரு?"

சமையற்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எத்தனை தடவை சொல்றது? எண்ணெய் பட்டா ரப்பர் ஊறி வெடிச்சுடும். உங்க உசுருதானே, எனக்கென்ன?"

திட்டிக்கொண்டே குந்தி உட்கார்ந்து, வழக்கம்போல முதலில் இணைப்புகளில் நுரை தடவினாள். பிரஷிலிருந்து ஒரு சொட்டு தெறித்து, பர்னருக்குக் காற்றுப் போகிற ஓட்டையின்மேல் விழுந்தது. விழுந்த நுரையைக் காணோம். உள்ளே போய்விட்டது. அதே நொடியில் பர்னரின் ஊளை தணிந்து மறுபடி எழுந்தது.

அடுப்பக்கா பிரஷைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். 'இப்ப என்ன பண்ணே?' என்று நேற்று புருஷன் கேட்டது காதில் விழுந்தது.

காஸ் குழாய் வெளியே ஊதும், அதனால் நுரை உப்பும். எஞ்சின் ஊதவில்லை, இழுக்கிறது; கள்ளத்தனமாக நுழைகிற அந்தக் காற்றில்தான் மிதிக்காமலே ஓடுகிறது. மூச்சை உள்ளே இழுக்கிற ஜீவனிடம் போய்க் குமிழியைத் தேடியிருக்கிறாள்! உப்புகிற நுரையை அல்ல, காணாமல் போகிற நுரையைத் தேடியிருக்க வேண்டும். அது கண்ணெதிரே இரண்டு தடவை காணாமல் போனது. இவள் சூட்டின்மேல் பழியைப் போட்டாள்.

"அட மக்கே!" என்றாள் சத்தமாக.

"யாரைக்கா?" சமையற்காரர் பயந்துபோய்க் கேட்டார்.

"என்னைத்தான் சொல்லிக்கிறேன்."

காற்று மூடியைத் திருகி ஊளையை அடக்கிவிட்டு, அவர் நீட்டிய ரொட்டியையும் வாங்காமல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

வீட்டில் டிரைவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வந்து வண்டிக்கு முன்னால் நிறுத்தினாள். எஞ்சினைச் சூடேற விட்டாள்.

"நீங்க பார்க்க வேண்டாம், கேளுங்க. நான் ஒவ்வொரு இடமாத் தடவுறேன். சத்தம் மாறினா சொல்லணும்."

டிரைவர் பானெட் ஓரத்தில் கையை ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு வேலை கிடைத்த முகம் அது.

"மாறலை... மாறலை... அதுவும் இல்லை... கொஞ்சம் பின்னால போ..."

பின்பக்க வளைவு வந்தது. பிரஷை அழுத்தி, அடிப்பக்கமும் படும்படி நுரையை அப்பினாள். நுரை சுருங்கி உள்ளே போனது. எஞ்சின் திணறிக் குரல் இறங்கியது.

"இப்ப!" என்று கத்தினார் டிரைவர். "அங்கதான்! இன்னொரு தடவை வை!"

வைத்தாள்.

"இப்ப! அடியே, அதேதாண்டி!"

அவர் வாயிலிருந்து 'அடியே' வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அடுப்பக்காவுக்குக் குழாய் கிடைத்த சந்தோஷம் ஒரு பங்கென்றால் இது இரண்டு பங்கு.

எஞ்சினை ஆறவிட்டு, கிளிப்பைத் தளர்த்திக் குழாயைக் கழற்றினாள். மேல்பக்கம் பளபளவென்று இருந்தது. வளைவின் அடிப்பக்கம் உப்பி, நகம் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள். டிரைவர் கட்டைவிரலால் தடவினார். ரப்பர் கெட்டியாக இல்லை, ஊறிக் கொழகொழத்துப் போயிருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். டீசல் வாடை.

வாடை அடுப்பக்காவுக்கும் எட்டியது. எண்ணெய் பட்ட ரப்பரைப் பற்றி ஊரெல்லாம் கத்துகிறவள், அன்று காலையில்கூடக் கத்திவிட்டு வந்தவள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவள் சொல்ல வேண்டியதெல்லாம் ஏற்கெனவே அங்கே எழுதியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நாக்கை மடக்கிக்கொண்டாள்.

"புதுசு வாங்கிட்டு வரேன். அடுப்புக் குழாய் இதுக்கு ஆகாது" என்று மட்டும் சொன்னாள்.

மெக்கானிக் வெடித்த குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட, இதுவா! எனக்கும் இதுமேல ஒரு சந்தேகம் இருந்துச்சுக்கா."

"அதைக் கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லியிருந்தா அந்தக் கம்பமாவது பிழைச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, அதே அளவில் புதுக் குழாயை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

குழாயை மாட்டி, இரண்டு கிளிப்பையும் முறுக்கி, சாவியைத் திருகினாள். எஞ்சின் முதலில் பழையபடி உறுமியது. ஆறின எஞ்சின். இருவரும் வாசலில் நின்றார்கள். நான்காவது நிமிஷம் உறுமல் கரைந்தது. ஏழாவது நிமிஷம் இன்னும் கரைந்தது. எதிர்வீட்டுக் குழாயடியில் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

"என்ன, நின்னுபோச்சா?" என்றார் டிரைவர் பதறி.

"கையை வச்சுப் பாருங்க."

பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். மெல்லிய அதிர்வு கையில் ஏறியது.

"ஓடுது" என்றார். "ஓடுதுடி." கையை எடுக்கவே இல்லை. உள்ளே முள் எண்ணூறில் படுத்திருந்தது.

வியாழக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. மைதானத்தில் அதே கயிறு, அதே கம்பங்கள், அதே இன்ஸ்பெக்டர். வரிசையில் போன தடவை பார்த்த முகங்களும் நாலைந்து இருந்தன.

"வாங்கம்மா. மறுபடி நீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர். "இன்னிக்குக் கால் எப்படி இருக்கு?"

வரிசை சிரித்தது. அடுப்பக்கா பின் கியரைப் போட்டு, கிளட்சை மயிரிழை விட்டாள். வண்டி ஊர்ந்தது. இன்னும் மயிரிழை விட்டாள், அதற்கேற்ற அளவுதான் நகர்ந்தது. கம்பங்களுக்கு நடுவே, இருபக்கமும் ஒரு சாண் விட்டு, நட்டநடுவில் போய் நின்றது. வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் சக்கரம் கோட்டை முத்தமிட்டு நின்றது. மேட்டில் ஏறி, நடுவில் நிறுத்தி, ஒரு விரற்கடைகூடப் பின்வாங்காமல் கிளம்பினாள். வலது கால் வேண்டிய இடத்தில் மட்டும் மிதித்தது, மற்ற நேரமெல்லாம் சும்மா இருந்தது. அது முன்பும் சும்மாதான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் தாளில் பெரிதாக ஒரு சரி போட்டுக் கையெழுத்திட்டார். "பரவாயில்லையே, ஒரு மாசத்துல கால் லேசாயிடுச்சே!"

அவள் சிரித்துவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டு வந்திருப்பாள். ஆனால் கயிறு அசைந்தது. டிரைவர் அதைக் கையால் துழாவித் தூக்கி, குனிந்து, குரல் வந்த திசைக்கு நடந்து வந்தார்.

"கால் எப்பவும் லேசுதான் சார். குத்தம் வண்டியில இருந்துச்சு. அதுக்குக் காரணம் நான். டீசல் போட்டுத் துடைச்சுத் துடைச்சு ரப்பரை நான்தான் வெடிக்க வச்சேன். அதைக் கண்டுபிடிச்சது இவ, சரி பண்ணது இவ. போன தடவை இதே இடத்துல நின்னு இவளை நாலு பேர் சிரிக்கிற மாதிரி பேசினேன்." வரிசையின் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு அதைக் கேட்டவங்க இன்னிக்கு இதையும் கேட்டுக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. வரிசைக் கடைசியில் நின்ற ஒரு அம்மாள் கைதட்டினாள், பிறகு நாலைந்து கைகள் சேர்ந்துகொண்டன. தாளில் சரி விழுந்தபோது வராத கண்ணீர் அடுப்பக்காவுக்கு அப்போது வந்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

வண்டிப் பக்கம் வந்தால், கொழுந்தன் ஒரு பெரிய பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான்.

"என்ன தம்பி அது?"

"ஒண்ணுமில்ல அண்ணி... சீட் கவர்."

"எந்த வண்டிக்கு?"

"இதுக்குத்தான். நாளைக்கு எடுத்துட்டுப் போறப்ப மாட்டலாம்னு..."

டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுப்பக்கா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். நீலக் கோடு போட்ட நல்ல துணி.

"அளவு சரியா இருக்குமா?"

"அளவெடுத்துத் தச்சது அண்ணி."

"அப்ப மாட்டுங்க. பின் சீட்டுக்கும் மறக்காம மாட்டுங்க. இனிமே நீங்க அங்கதானே உட்காரணும்."

கொழுந்தன் வெயிலில் வியர்த்து விறுவிறுத்து மாட்டி முடித்தான். மூவரும் ஏறினார்கள். மைதானத்து வாசலில் வீட்டுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். அடுப்பக்கா வலப்பக்கம் திருப்பினாள்.

"வீடு இந்தப் பக்கம் அண்ணி."

"வீடு எங்கேயும் போயிடாது."

பெரிய ரோடு வந்தது. ஜன்னலை இறக்கிவிட்டாள். டிரைவர் முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தார். அவள் ரோட்டையும் அவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் அவர் காதைச் சாய்த்தார்.

"முன்னால லாரி போகுதா?"

"ஆமா."

"முழு லோடு. மூச்சு வாங்குறது கேக்குதா? முந்தாதே, இடைவெளி விட்டுப் பின்னாலயே போ... ஒரு தடவை இதே மாதிரி லோடோட மேட்டுல ஏறுறேன், பாதியில மழை பிடிச்சுக்கிச்சு..."

பேசினார், பேசினார், பேசிக்கொண்டே வந்தார். பின் சீட்டில் கொழுந்தன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். லாரி கிளை ரோட்டில் பிரிந்து போனது. எதிரே ரோடு வெறிச்சோடி நீளமாகக் கிடந்தது. டிரைவருக்கு அது சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. கதவை வெளிப்பக்கம் தட்டினார்.

"ரோடு காலிதானே? அப்புறம் என்னடி யோசனை? மிதி! நல்லா மிதி!"

அடுப்பக்கா மிதித்தாள்.